நான் வெட்டி எறிந்த நாற்பது வினாடி

காஞ்சிபுரம்,
ஜூலை 18, வெள்ளி

மதிப்பிற்குரிய டாக்டர் காவேரி மேடம் அவர்களுக்கு,

காஞ்சிபுரத்தில் இருந்து உதயகுமார் எழுதுவது. நீங்கள் நன்றாக இருப்பதைப் போன சனிக்கிழமை வீடியோவில் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் ஜலதோஷம் போலத் தெரிந்தது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் கமெண்ட் போடுகிற 'காஞ்சி செல்' நான்தான். மார்ச் மாதம் ஒரு கமெண்டுக்கு நீங்கள் ஹார்ட் போட்டீர்கள். ஒரு வாரம் அதையே எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றவன் நான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் தினமும் லைவ் போட்டுப் புடவை விற்பது என் வேலை. மீதி நேரம் முழுக்க உங்கள் ஆராய்ச்சிதான். தசைச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா எப்படிக் களைத்துப் போகிறது என்ற உங்கள் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். எலிகளின் ஆக்ஸிஜன் கிராஃப் புரிந்த அன்று கடையிலேயே கத்திவிட்டேன். முதலாளி ஸ்கோர் என்னடா என்று கேட்டார்.

இவ்வளவு பிடித்த ஒருவருக்கு முதல் கடிதம் இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மே மாதம் அன்னையர் தினத்துக்கு ஒரு ரீல் போட்டேன். உங்கள் லெக்சரில் இருந்து எடுத்த விஷயம்தான். செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் குட்டி டிஎன்ஏ நமக்கு அம்மாவிடம் இருந்து மட்டுமே வருகிறது, அப்பாவுக்கு அதில் பங்கில்லை என்று சொன்னீர்களே, அது. 'உன் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அம்மா கொடுத்த அடுப்பு எரிகிறது' என்று நானே வசனம் எழுதினேன். கடைசியில் கேமராவை என் அம்மா பக்கம் திருப்பினேன். அம்மா தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவள். ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, கண்ணை மூடியிருந்த இமையை ஒரு விரலால் தூக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆமாம் மேடம், அம்மாவுக்கு மூன்று வருடமாக இமை இறங்கியிருக்கிறது. காலையில் ஓரளவு திறந்திருக்கும், சாயங்காலம் ஆனால் மூடிக்கொள்ளும். பக்கத்துத் தெரு டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு அழகாக இருந்ததால் அப்படியே போட்டுவிட்டேன். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

என் அக்கா பிரவீனாவுக்கு ஆரணியில் மாப்பிள்ளை பார்த்து, சித்திரையில் நிச்சயம் முடிந்தது. கல்யாணம் ஆவணியில். நிச்சயத்தன்று அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, கண் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று சொல்லிவைத்தோம். இதையெல்லாம் ஏற்பாடு செய்தது அம்மாவின் தம்பி ஜெயக்குமார் மாமா. அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஜூன் கடைசியில் மாப்பிள்ளையின் அக்காவிடம் இருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. அந்தம்மா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். குரலில் அப்படி ஒரு இனிப்பு. "தம்பி, உன் வீடியோ சூப்பரா இருக்குதுபா. ஒரே ஒரு டவுட்டு. அம்மா கண்ணு இப்படி இருக்குதே, அதுவும் அம்மா குடுக்கிறதுல சேத்தியா? நாளைக்கு எங்க வீட்டுக் கொழந்தைக்கும் வருமா?" கேட்டதும் வாயில் கசப்பு ஊறியது. இன்னும் போகவில்லை.

மறுநாளே மாமாவுக்குப் போன் வந்துவிட்டது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை, பிறக்கிற குழந்தைக்கும் எதுவும் வராது என்று பெரிய டாக்டர் ஒருவரின் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்களாம். மாமா நேராக என்னிடம் வந்தார். "அந்த டாக்டரம்மா உனக்கு ஹார்ட்டெல்லாம் போட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியேடா. ஒரு சீல் போட மாட்டாங்களா? ரெண்டு வரி எழுதி வாங்கு, வேற ஒண்ணும் வேணாம்." இப்படிச் சொல்லிவிட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் இருந்து வருவது என்றால் எனக்கும்தானே வந்திருக்கும் மாமா, உங்கள் அம்மாதானே எங்கள் அம்மாவுக்கும் கொடுத்தது, அப்படியானால் உங்களுக்கும் இருக்குமே என்று கேட்டேன். "ஆம்பளைக்கு எதுக்குடா அந்தக் கணக்கு" என்றார். அதுதான் மேடம் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து கண்டுபிடிப்பதை இவர்கள் ஒரு போன் காலில் மாட்டுச் சந்தை போலப் பெண்ணின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

ரீலை உடனே எடுத்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அந்த வாய்ஸ் வந்த பிறகும் இரண்டு நாள் வைத்திருந்தேன். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அன்றும் எண்ணிக்கையைப் பார்த்தேன். அக்காதான் கேட்டாள். ஶ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னும் எவ்ளோ பேரு பாத்தா உனுக்குப் போதும் சயின்டிஸ்ட் சார்?" என்றாள். அப்புறம்தான் எடுத்தேன். அதற்குள் யாரோ அம்மா சிரிக்கிற அந்தத் துண்டை மட்டும் வெட்டி, 'பொண்ணு பாக்கப் போறீங்களா? முதல்ல அம்மாவைப் பாருங்க' என்று எழுதி, சினிமாப் பாட்டுப் போட்டுச் சுற்றவிட்டிருக்கிறான். அதற்கு என் ரீலைவிட அதிக லைக். கீழே கமெண்டுகளில் ஒரே சிரிப்பு. ரிப்போர்ட் அடித்தேன், போகவில்லை. உவ்வே என்று வருகிறது மேடம். இந்த போனைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது. ஆனால் இதில்தான் நான் சம்பாதிக்கிறேன், இதில்தான் உங்களைப் பார்க்கிறேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உங்கள் லெக்சரை அன்று திரும்பப் போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் இருந்து மட்டும் என்று சொன்ன கையோடு நீங்கள் நாற்பது வினாடி பேசியிருக்கிறீர்கள். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யத் தேவையான புரதங்களில் மிகப் பெரும்பகுதிக்கான குறிப்பு அம்மா அப்பா இருவரும் தருகிற மற்ற டிஎன்ஏவில் இருக்கிறது, அதனால் கோளாறு அப்பா வழியிலும் வரலாம், யாரிடமும் இல்லாமல் புதிதாகவும் வரலாம், தயவு செய்து அம்மாக்கள் தலையில் கட்டாதீர்கள் என்று. நான் அதைக் கேட்டவன்தான். புரிந்தவன்தான். ரீல் ஒரு நிமிஷத்துக்குள் முடிய வேண்டும் என்று வெட்டிவிட்டேன். அன்னையர் தினத்துக்கு அது இடிக்கிற மாதிரி இருந்தது.

இன்னும் சொல்கிறேன். அம்மாவுக்கு இருப்பது மைட்டோகாண்ட்ரியா கோளாறுதானா என்று யாருக்குமே தெரியாது. இதுவரை ஒரு டெஸ்டும் எடுத்ததில்லை. பொங்கலில் இருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டில் பாதியிலேயே தாடை சோர்ந்து மெல்ல முடியவில்லை. பேச்சு மூக்கால் வருகிறது. தண்ணீர் குடித்தால் சில நேரம் மூக்கு வழியே வந்துவிடுகிறது. யார் கண்ணிலும் படக் கூடாது என்று அடுப்பங்கரையில் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். செவ்வாய்க்கிழமை புரையேறி, மூச்சு திரும்ப வர ஒரு நிமிஷம் ஆனது. அக்கா முதுகைத் தட்டிக்கொண்டே அழுதாள்.

இமை இறங்குவது பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத ஒரு நோய் இருக்கிறதாம், அதற்கு மாத்திரை உண்டாம். மூடிய இமை மேல் இரண்டு நிமிஷம் ஐஸ் வைத்து எடுத்தால் அந்த நோய்க்காரர்களுக்கு இமை சற்று நேரம் தூக்கிக்கொள்ளும் என்று போட்டிருந்தார்கள். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து துணியில் கட்டி வைத்துப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எடுத்தபோது இமை மேலே போயிருந்தது மேடம். முழுதாக இல்லை, ஆனால் கருவிழி தெரிந்தது. நான் டாக்டர் இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தேனோ என்னவோ. வீடியோ எடுத்திருக்கிறேன், இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை, உங்களுக்கு மட்டும்தான்.

சென்னைக்குப் போகலாம் என்றேன். மாமா முடியாது என்கிறார். "ஆஸ்பத்திரி சீட்டுல ஏறிச்சின்னா ஏறினதுதான். தாலி ஏறட்டும், அப்பறம் எங்க வேணா இட்டுக்கினு போ." ஆவணிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அம்மாவின் தொண்டை அதுவரை காத்திருக்குமா என்று கேட்டேன், அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா அந்த வீட்டுக்கு நான் போகவே மாட்டேன் என்கிறாள். ஆனால் அதை அம்மா எதிரில் சொல்ல அவளுக்கும் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று அம்மா மாமாவைவிடப் பிடிவாதமாக இருக்கிறாள். காரணம் நான்தான். நேற்று நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள், "நான் குடுத்ததை அவகிட்ட இருந்து திருப்பி வாங்கிக்க எதனா மாத்திரை இருக்குதா, உங்க மேடத்தக் கேட்டுச் சொல்றியா?" நீ எதுவும் கொடுக்கவில்லை அம்மா என்று எவ்வளவோ சொன்னேன். அந்த வெட்டின பகுதியைப் போட்டும் காட்டினேன். கல்யாணம் நிற்கப் போகிறதே என்று இப்போது மாற்றிச் சொல்கிறாய் என்கிறாள். முதலில் சொன்னதை நம்பியவள் இப்போது சொல்வதை நம்பமாட்டேன் என்கிறாள்.

அதனால் மாமா கேட்கச் சொன்ன சீட்டை உங்களிடம் நான் கேட்கவில்லை. யாராவது என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அக்காவுக்கு எதற்கு நற்சான்று. அவர்களுக்கு அப்படி ஒரு தாள் வேண்டுமென்றால் அந்தக் கல்யாணமே வேண்டாம், இதை ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் நானே சொல்லப் போகிறேன். அடிப்பார், பரவாயில்லை.

கேட்பது வேறு. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அம்மாவைச் சென்னை அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போக அக்காவும் நானும் லீவு போட்டிருக்கிறோம். அம்மா பஸ் ஏற வேண்டும், அதற்கு மட்டும் உதவுங்கள். உங்கள் குரலில், நீங்கள் சனிக்கிழமைகளில் பேசுகிற அதே தமிழில், ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்கள். என்ன நோய் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், பார்க்காமல் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் எதுவும் தப்பாகக் கொடுத்துவிடவில்லை, முதலில் டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னால் போதும். நீங்கள் சொன்னால் கேட்பாள். நூல் சுற்றும்போது நான் உங்கள் வீடியோவைப் போடுவேன், புரிகிறதோ இல்லையோ அந்தப் பொண்ணு பொறுமையாப் பேசுது என்பாள்.

பேசும்போது 'அம்மா' என்று மட்டும் சொல்லாமல் பெயர் சொல்லிப் பேசுங்கள் மேடம். அவள் பெயர் அம்சா. அந்த நான்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

உங்களுக்கும் உங்கள் ஆய்வகத்துக்கும் எல்லா நல்லதும் நடக்கட்டும்.

இப்படிக்கு,
அம்சாவின் மகன்
உதயகுமார்