ஏழாம் கதவை முதன்முறை திறப்பது

நாள் 412 / 09:10
அழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. ஆன்டெனா இரண்டு பாகை விலகியிருந்தது, திருத்தினேன்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் வெரோனிக்கா. சனிக்கோளைச் சுற்றும் இந்தத் தகவல்தொடர்பு நிலையத்தின் ஒரே பொறியாளர். எனக்கு மாற்றாள் கொண்டுவரும் கப்பல் மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. இன்னும் பதினொரு மாதம்.
இங்கே இருக்கும் ஒரே வீடியோ கேம் ‘ஏழாம் கதவு’. இன்று முப்பத்தோராம் முறையாக முடித்தேன். எந்தச் சுவருக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்று தெரிந்த பிறகு அது என்ன எழவு விளையாட்டு?

நாள் 415 / 14:30
மருத்துவ அறையில் ஒரு தலைக்கவசம் உண்டு. விபத்து அதிர்ச்சிக்கானது. அணிந்துகொண்டு எதை நினைக்கிறோமோ, அந்த நினைவை அழித்துவிடும். தூத்துக்குடியில் இருக்கும் தம்பி கிளாட்வினுக்குச் சொன்னேன். செய்தி போய்வர இரண்டரை மணி நேரம்.
“எக்கா, கிறுக்கு பிடிச்சிருக்கா? ஒரு கேமுக்காக மண்டையில கை வைப்பாங்களா? வேண்டாம், சொல்லிட்டேன்.”
அவன் தினமும் கடற்கரைக்குப் போகிறான். அவனுக்கென்ன?

நாள் 416 / 11:00
கேமைப் பற்றிய நினைவை அழித்திருக்கிறேன். முதல் மூன்று கதவுகள் அபாரம். நான்காவதில், பொறி கண்ணில் படுமுன்பே கட்டைவிரல் குதிக்கும் பொத்தானை அழுத்திவிட்டது. ஐந்தாவதில் காவல்காரன் வாய் திறக்குமுன் ஒரு சிறுவனின் குரல் காதுக்குள் கேட்டது: ‘இவன நம்பாத.’ கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்தேன். திரும்பி வந்து என் நெற்றியில் இடித்தது.
கிளாட்வினிடம் கேட்டேன். “அது நான்தான்க்கா. எனக்கு ஒம்பது வயசு, உனக்குப் பதிமூணு. லீவு பூரா ஒரே கன்ட்ரோலருக்கு அடிச்சிக்கிட்டோம்லா. எனக்கு அந்தச் சண்டதான் ஞாபகம் இருக்கு. கேம் யாருக்கு ஞாபகம்?”

நாள் 418 / 16:20
அந்த விடுமுறைதான் கெடுக்கிறது. அது இருக்கும்வரை எந்தக் கதவும் எனக்குப் புதிதாகத் திறக்காது. ஒரே ஒரு விடுமுறை. அதை மட்டும், கேமோடு சேர்த்து.

நாள் 419 / 10:45
ஏழாம் கதவு உள்ளிருந்து திறந்தது! கத்தினேன். அழுதேன். இதைப்போல் ஒன்றை நான் பார்த்ததே இல்லை.
ஒரு இடையூறு. யாரோ ஒருவர் தூத்துக்குடியிலிருந்து நான்கு செய்திகள் அனுப்பியிருக்கிறார். பதில் அனுப்பினேன்: “ஐயா, இது பணித்தடம். தாங்கள் யார் என்று தெரிவிக்கவும்.”

13:20
“எக்கா... என்னயப் போய் ஐயான்னு கூப்பிடுதியே.”


நாள் 420 / 08:00
பழைய குறிப்புகளைப் படித்தேன். ஒரு நூலை இழுத்தேன். துணியே பிரிந்து வந்துவிட்டது: தம்பி என்று ஒரு முகமும் நினைவில் இல்லை. கவசத்தின் கையேட்டில் ஒரே வரி: ‘மீட்கும் வசதி இல்லை.’ அலமாரியைக் குத்தினேன். நான்தான் பின்னால் பறந்தேன். முட்டாள். முட்டாள்.

நாள் 431 / 12:15
அழுத்தம் பார்க்கவில்லை.
கிளாட்வின் தினமும் ஒரு சம்பவம் சொல்கிறார். மழையில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது. அப்பாவின் அடக்கத்தன்று இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியது. கேட்கக் கேட்க அடுத்து என்ன என்று துடிக்கிறது. அந்தப் பெண் நான்தானாம்.
“ஏதாவது வருதாக்கா?”
இல்லை என்கிறேன். மறுநாளும் சொல்கிறார்.

நாள் 440 / 15:05
சம்பவங்கள் தீர்ந்துவிட்டன. மறுபடி சைக்கிளிலிருந்து தொடங்கியிருக்கிறார். சாக்கடை வரப்போவது தெரிகிறது. எரிச்சலாக இருக்கிறது. ‘இது கேட்ட கதை, ஐயா’ என்று அனுப்பினேன்.
“கதையில்லக்கா. நம்ம வாழ்ந்தது.”
முதல்முறை கேட்டபோது எவ்வளவு நன்றாக இருந்தது! கவசத்தை மின்னேற்றப் போட்டிருக்கிறேன். எழுபது விழுக்காடு. இந்த இருபது நாளை மட்டும். நான் மறந்துவிட்டால் அவர் முதலிலிருந்து சொல்லத்தானே வேண்டும், சொல்லாமல் எப்படி இருப்பார்?