காலி செய்த தட்டு

அக். 9, புதன்
புழுக்கம். மழை வருகிறேன் என்கிறது, வரவில்லை.
மோகனூர் செல்லமுத்து. கரும்புத் தோகை வலக்கண்ணில் அடித்து இருபது நாள். பூஞ்சைக்கான வழக்கமான சொட்டு மருந்து போட்டும் புண் அகலமாகிறது. சிஸ்டர் விரல் காட்ட, "மூணுங்க" என்றார். சரிதான்.
அவர் புண்ணில் சுரண்டியது லேப் சூட்டுப் பெட்டிக்குள், என் தட்டில் ஐந்து நாளாக வளர்கிறது. வெள்ளை. இன்று ஓரத்தில் கத்திரிப்பூ நிறம். அந்தச் சொட்டுக்கு அடங்காத புது வகையோ? டாக்டரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் வரட்டும்மா." எந்த மருந்துக்கு அடங்கும் என்று நாளை மருந்துச் சோதனை வைக்க வேண்டும். இன்றே வைத்திருக்கலாம். ஆயுத பூஜைக் களேபரம்.
துப்புரவு சரசாக்காவிடம் சொன்னது: "பழைய தட்டெல்லாம் காலி பண்ணிருங்க."
வாங்க: பொரி, சந்தனம், வாழைக்கன்று 2.

அக். 10, வியாழன்
பெட்டிக்குள் தட்டைக் காணோம்.
"பூசணம் புடிச்சுக் கெடந்துச்சுங்க மேடம். வேக வெச்சுக் கொட்டிட்டேனுங்க."
பூசணம் வளர்க்கத்தானே எனக்குச் சம்பளம்! கத்தினேன். அக்கா அழுதார். காலி செய்யச் சொன்னது யார்? நான். எதை விடவேண்டும் என்று சொல்லாததும் நான்.
செல்லமுத்துவை வரவழைத்து மறுபடி சுரண்டல். "சாம்பிள் பத்தலைங்க" என்றேன். பொய்.
"செரிங்க அம்மிணி. நல்லாப் பாருங்க."

அக். 11, வெள்ளி
பூஜை. எல்லா மெஷினுக்கும் பொட்டு, மாலை. இன்று எதுவும் ஓடக்கூடாதாம், பெட்டியையும் அணைக்க வந்தார்கள். குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பொரி நமுத்திருந்தது.

அக். 16, புதன்
கத்திரிப்பூ நிறம். அதே சனியன்தான். மருந்துச் சோதனை வைத்தாயிற்று. மருந்தை இன்றே மாற்றலாமே என்று டாக்டரிடம் சண்டை. "பேப்பர்ல வரட்டும்."
பெட்டி மேல் ஒட்டியது: பூசணம்தான் வேண்டும். தொடாதே.
தலைவலி. மதியம் சாப்பிடவில்லை.

அக். 19, சனி
பழைய மருந்து வைத்த இடத்தில் பூஞ்சை தளதளவென்று. இன்னொரு மருந்து வைத்த இடம் சுத்தம். பேப்பரில் எழுதி டாக்டர் மேசையில் வைத்தேன். பத்து நிமிடத்தில் மருந்து மாறியது. பத்தே நிமிடம்!

அக். 26, சனி
மழை, ஒருவழியாக.
செல்லமுத்துவின் புண் அகலமாவது நின்றிருக்கிறது. சிஸ்டர் விரல் காட்டினார்.
"கை ஆடறது தெரியுதுங்க. வெரல் தெரியல."
டாக்டருக்குத் திருப்தி. கண்ணை எடுக்க வேண்டியதில்லையாம்.
செல்லமுத்து எனக்கென்று ஒரு தூக்கு நாட்டுச் சர்க்கரை கொண்டு வந்திருந்தார். கை நீட்ட முடியவில்லை. சொல்லிவிட்டேன். தட்டு, பூஜை, என் வாய், என் பொய். ஆறு நாள் வீணானதையும்.
துண்டால் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க."
சர்க்கரையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.