ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

4.9.99, சனி

ஆபீஸில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இன்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வாசுதான் மூன்று மாடி தூக்கி வந்து, போன் வயரோடு சேர்த்து மாட்டிக் கொடுத்தார்.

"இன்டர்நெட்ல இருக்கும்போது வெளிய இருந்து போன் வராதுக்கா. எங்கேஜ்ட்னு சொல்லும். பரவால்லயா?"

"எனக்கு யாரு போன் பண்றா லா, வாசு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

6.9.99, திங்கள்

ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடுகிறது. திறந்த பிறகு மேலே மேலே விளம்பர ஜன்னல்கள் வேறு குதிக்கின்றன. வாசுவிடம் புலம்பினேன். பிரௌசருக்கென்றே ப்ளக்-இன், குட்டி புரோகிராம் என்று நிறைய இருக்கிறதாம். ஒரு டிஸ்கெட் நிறையக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் 'ஒட்டு' என்றுதான் எழுதப்போகிறேன்.

8.9.99, புதன்

படங்களை நிறுத்தும் ஒட்டு: பிரமாதம். பக்கம் மூன்று மடங்கு வேகம். விளம்பர ஜன்னலை மூடும் ஒட்டு: குதித்த மறுநொடி காலி. இப்படி ஒன்று மனிதர்களுக்கும் இருந்தால் ஆபீஸ் பாத்திமாவுக்கு முதலில் மாட்டுவேன். சொல்லைத் தொட்டால் அர்த்தம் சொல்கிற அகராதி ஒட்டு: பரவாயில்லை. தமிழ் எழுத்து ஒட்டு: போட்டேன், கட்டம் கட்டமாய் வந்தது. மறுபடி போட்டேன், தமிழ் வந்தது. ஒரு பெரிய காரியத்தை முடித்த மாதிரி இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது.

சொல்லவில்லை. பாத்திரம் கழுவினேன்.

11.9.99, சனி

கிள்ளானில் நாங்கள் படித்த கான்வென்ட்டுக்குப் பழைய மாணவிகள் யாரோ ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார்கள். வந்தவர்கள் பெயர் எழுத ஒரு விருந்தினர் ஏடு. சும்மா உருட்டிக்கொண்டே போனேன். ஜூலை மாதத்தில் ஒரு வரி: டொரத்தி, கிள்ளான், அனைவருக்கும் அன்பு.

என் தங்கைதான்.

அனைவருக்கும் அன்பாம். அந்த அனைவரில் நான் உண்டா?

ஜூனில் அம்மா இறந்து முதல் வருஷப் பூசைக்கு எல்லாரும் இங்கே வந்திருந்தார்கள். இடியப்பம் ஏன் காய்ந்துபோனது என்று தொடங்கிய பேச்சு. "உன்கூட யாருதான் இருப்பாங்க? அம்மாவுக்கு வேற வழியில்ல, இருந்தாங்க" என்றாள், அத்தனை பேர் முன்னால். அம்மாவைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டவளிடம். நானும் சும்மா விடவில்லை. இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றேன்.

அவளே முதலில் பேசட்டும். நான் மூத்தவள்.

14.9.99, செவ்வாய்

வாசுவிடம் கேட்டேன், ஒரு பக்கத்தில் புதிதாக யாராவது எழுதினால் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று. அதற்கும் ஒட்டு இருக்கிறதாம்! ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே போய்ப் பார்க்கும், மாற்றம் இருந்தால் சேவல் மாதிரி கூவும். காவல்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இன்னொரு லாபம். முன்பு பத்து நிமிடம் சும்மா விட்டால் லைன் தானே அறுந்துபோகும். இப்போது காவல்காரன் போய்ப்போய்ப் பார்ப்பதால் அறுவதில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் போட்டால் படுக்கப்போகும்வரை ஓடுகிறது. நான் குளிக்கலாம், சமைக்கலாம்.

18.9.99, சனி

கூவியது. ஈரக் கையோடு ஓடினேன். ஈப்போவிலிருந்து யாரோ குணேஸ்வரி.

25.9.99

கூவவில்லை.

2.10.99

மூன்று முறை கூவியது. மூன்றும் அந்த குணேஸ்வரி. வேறு வேலை இல்லையா இவளுக்கு? எனக்குத்தான் இருக்கிறதா.

10.10.99, ஞாயிறு

ஐம்பத்தைந்து முடிந்தது. காலைப் பூசைக்குப் போய் வந்து, காவல்காரனைப் போட்டுவிட்டு, கொஞ்சம் கோழி சமைத்தேன். பாதிதான் சாப்பிட முடிந்தது.

டொரத்தி கல்யாணமாகிப் போன வருஷத்திலிருந்து என் பிறந்தநாளுக்குப் போன் பண்ணத் தவறியதே இல்லை. அம்மை போட்டிருந்தபோதுகூடப் பண்ணினாள். இன்று இல்லை. சரி, போனில் வேண்டாம், ஏட்டிலாவது ஒரு வரி? நாள் முழுக்க அந்தத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: அழுதேன்.

அவள் சொன்னது சரிதானோ?

24.10.99, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் சர்ச் வாசலில் பேசில். டொரத்தியின் புருஷன். கிள்ளானிலிருந்து இங்கே பூசைக்கு வருகிற ஆள் இல்லை.

"அக்கா, வியாழக்கிழம நாங்க கெளம்புறோம். பெர்த்துக்கு. மகன்கூடவே இருக்கப் போறோம். விசா வந்திருச்சு."

"எங்கிட்ட யாரும் சொல்லலயே!"

"எப்படிக்கா சொல்றது? ஒன்றர மாசமா டெய்லி ஏழு மணிக்கு அடிக்கிறா. எப்பவும் எங்கேஜ்ட். ஆபீஸ் மாறிட்டீங்க, அந்த நம்பரும் இல்ல. உங்க பர்த்டே அன்னிக்கு மட்டும் பதினோரு தடவ அடிச்சா. நீங்க கோவத்துல ரிசீவர எடுத்துக் கீழ வெச்சிட்டீங்கன்னு அழுதுட்டா லா. வீட்டுக்கு வந்து பேசலாம்னா, நீங்கதான் படி ஏறாதேன்னு சொன்னீங்களாம், வரமாட்டேங்கிறா."

ஒன்றரை மாசம். காவல்காரனைப் போட்ட நாளை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியே அவர் காரில் ஏறினேன். கிள்ளான் வீட்டில் எங்கே பார்த்தாலும் பெட்டி. டொரத்தி தரையில் உட்கார்ந்து தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"போன எடுத்து வெக்கிற அளவுக்கு வெறுத்துட்டியாக்கா?"

"வெக்கல டி. கம்ப்யூட்டர். அது ஓடினா போன் வராது."

"மாசக்கணக்கா கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ண?"

"உன்னத்தான் தேடினேன்."

கான்வென்ட் ஏட்டைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாதாம். அவளோடு கின்டர்கார்டனில் வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி ஜூலையில் அவளுக்காகத் தட்டிக் கொடுத்த வரியாம் அது. அதற்குப் பிறகு இவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து நன்றாக அழுதோம். பேசில் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு அங்கேயே இருக்கப் போகிறேன். நான்கு நாள்தான் மிச்சம்.

28.10.99, வியாழன்

ஏர்போர்ட். கேட்டைத் தாண்டியவள் திரும்பி ஓடிவந்து, "அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றாள். போ, பிளேனை விட்டுவிடாதே என்றேன். வேறென்ன சொல்ல.

1.11.99, திங்கள்

காவல்காரனைக் கழற்றிவிட்டு, அது இருந்த டிஸ்கெட்டை வாசுவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"சரியா வேல செய்யலயாக்கா?"

"ரொம்ப நல்லா செஞ்சிச்சு."

மற்ற ஒட்டுகள் இருக்கட்டும். படம் இல்லாமல், விளம்பரம் இல்லாமல் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆறே முக்காலுக்கு அணைத்துவிடுகிறேன்.

7.11.99, ஞாயிறு

ஞாயிறு தோறும் ஏழு மணி என்று பேச்சு. கம்ப்யூட்டரை மதியத்திலிருந்தே தொடவில்லை. ரிசீவர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை எடுக்கப்போய், அந்த நேரம் அவள் அடித்தால் என்னாவது என்று கையை இழுத்துக்கொண்டேன்.

வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. கீழே ஒரு ரயில் போகிறது. பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரமாம், பேசில் சொன்னார். அப்படியென்றால் அங்கேயும் இப்போது ஏழுதான்.

ஏழு இரண்டு.

அடிக்கிறது—