கடைசி மூண்டு சுற்று

20.8.95, ஞாயிறு

கால் ரெண்டும் கல்லாய்க் கிடக்குது. ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கவெண்டு, சுற்றுக்கு இவ்வளவெண்டு சனம் காசு தர, வேலையிடத்து ஆக்களோடை நாள் முழுக்கப் பனிமலையிலை சறுக்கினன்; இந்த நாட்டிலை ஆவணியிலைதான் பனிக்காலம். பன்னிரண்டாம் சுற்றிலை விழுந்து எழும்பேலாமல் கிடந்தன். "காணும், விடு" எண்டான் கூட வந்த கிரஹாம். அப்பதான் யாழ்ப்பாணத்திலை இருக்கிற தம்பியை நினைச்சன். நாலு மாசமாய்க் கடிதமில்லை. அவனுக்காக நேர்ந்துகொண்டு இன்னும் மூண்டு சுற்றுப் போனன்.

எல்லாரும் கை தட்டிச்சினம். எனக்கு ஒருமாதிரிக் கிடந்தது. பிள்ளைகளுக்கெண்டு காசு தந்த சனத்தை ஏமாத்திப்போட்டனோ? ஒரு நேர்த்தி ரெண்டு பக்கமும் சேருமோ?

மவுண்ட் ஆல்பர்ட்டிலை இருக்கிற எங்கடை வீட்டுக்கு வந்து சேர்ந்து மனிசியிட்டைச் சொன்னன். என்ரை காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கொண்டிருந்தவள் நிப்பாட்டினாள்.

"என்ரை அக்காவும் அங்கைதானே இருக்கிறா. அவவுக்கும் ஒரு சுற்றுப் போயிருக்கலாமே?"

பகிடி எண்டு நினைச்சன். அவள் சிரிக்கேல்லை.