எட்டரை மணி இடாப்பு

கடையில் கருவாடு சுற்றித் தந்த பத்திரிகைத் தாளை இன்று விரித்துப் பார்த்தேன். கரையோரப் பள்ளிக்கூடங்களில் மாணவர் வரவு குறைவு என்று ஓர் அட்டவணை. எண்ணெய் ஊறிப் பாதி எண்கள் தெரியவில்லை. தெரிந்தவற்றைப் பார்த்ததும் உமது பழைய கேள்விதான் நினைவுக்கு வந்தது: "எத்தனை மணிக்கு எண்ணினது?"

அப்போது நாயாற்றுக் கரைப் பள்ளிக்கூடத்துக்கு நான் தலைமையாசிரியர். நீர் படிப்பித்தது தெருவோரப் பள்ளிக்கூடத்தில். இடையில் அரை மைல்தான். ஆனால் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே உட்கார வாங்கு கிடையாது. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் என் வரவுக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் வகுப்பை நிறுத்தப்போவதாகக் கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வரவுப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'படிப்பில் அக்கறையில்லை' என்று எழுதி அனுப்பியிருந்தவன் நான்தான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

விஷயம் கேள்விப்பட்டு, நீர் உமது வரவு இடாப்பையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தீர். இரண்டையும் மேசையில் விரித்து, புதினமான பூச்சியைக் கண்டவர் போலக் குனிந்து பார்த்தீர்.

"இடாப்பை எப்ப மூடுறனீர்?"

"எட்டரைக்கு. அதுதானே சட்டம்."

"கரைவலை எப்ப ஏறும்?"

வலை இழுத்துவிட்டு, கால் முழுக்க மண்ணோடு ஒன்பதரைக்கு ஓடிவரும் பிள்ளைகளை ஏசி உள்ளே இருத்துகிறவனும் நான்தான். மணி அடிக்கும்வரை அவர்கள் பாடம் கேட்பார்கள். இடாப்பில் அவர்களுக்குச் சைபர்.

"பத்து மணிக்கும் ஒருக்கா எண்ணிப் பாருமன். என்ன வருதெண்டு அறிய எனக்கு ஆசையாக் கிடக்கு," என்றீர்.

ஒரு மாதம் பென்சிலால் எண்ணினேன். வாங்குகள் போதவில்லை. இரண்டு கணக்கையும் சேர்த்து அனுப்பினோம். ஐந்தாம் வகுப்பு தப்பியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நீரோ இன்னும் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தீர்.

"அரை மைலுக்கை ரெண்டு பள்ளிக்கூடம் ஏனெண்டு இதிலை ஒரு கட்டமும் கேக்கேல்லை, பாத்தீரோ?"

அந்தக் கேள்வியை நாங்கள் எழுதி அனுப்பவில்லை. அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

உமது சொந்த ஊரில் செத்தவீடு நடந்த அன்று, வரும் வழியில் பூநகரியில் பஸ்ஸைத் தவறவிட்டேன். நான் வந்து சேர்ந்தபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "மாஸ்டர் வரேல்லை எண்டெல்லோ நினைச்சம்," என்றார் உமது மனைவி. சுடலைக்குத் தனியே நடந்தேன். நெருப்புத் தணிந்திருந்தது.

இப்போதும் எந்த எண்ணைக் கண்டாலும், எண்ணியவனின் மணிக்கூட்டைத்தான் முதலில் தேடுகிறேன். உம்மிடம் அங்கே ஒரு பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளும்: பிந்தித்தான் வந்தனான். ஆனால் வந்தனான்.