அப்பாவுக்குத் தெரியாத அலை

அக்டோபர் 16, 1997. வியாழன்.

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவது தப்புதான். தூக்கம் வரவில்லை.

தசரா லீவில் ஊருக்குப் போனபோது, ஒருநாள் புளியோதரை கட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். "குழந்தை கையை விடாதே" என்று சொல்லிவிட்டு இவர் தண்ணீர் வாங்கப் போனார். நான் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு நிமிர்வதற்குள் மீனுவை அலை இழுத்துவிட்டது. ஓடிப்போய்ப் பின்னலைப் பிடித்துத் தூக்கினேன். வேறு கவுனை மாட்டி, "அப்பாகிட்ட சொல்லாதே, என்ன?" என்றேன். "அச்சா" என்று தலையை ஆட்டினாள்.

தில்லி திரும்பி மூன்று நாளாகிறது. இன்று சாயங்காலம் குளிப்பாட்டும்போது பார்த்தேன், முதுகெல்லாம் கன்றிப்போயிருக்கிறது. நேற்று ஸ்கூல் பஸ் படியில் விழுந்தாளாம்.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"விழுந்தா சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"அப்படி இல்லடி. விழுந்தா சொல்லணும்."

"அப்போ கடல்ல விழுந்ததை அப்பாகிட்ட சொல்லட்டா?"

நான் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "சொல்லும்மா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினாள். கண்ணை மூடிக்கொள் என்று தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்குகிறாள். காலையில் அவள் எழுந்திருப்பதற்குள் இவரிடம் நானே சொல்லிவிட வேண்டும்.