கிணற்றடித் தோட்டத்து எரு

நாகலாபுரம்,
நவம்பர் 12

அன்பு மகள் ஷைலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், உங்கள் மூவரின் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம். பேரன் குப்புறக் கவிழ்ந்த வீடியோவை உன் அம்மா கோயிலுக்கு வந்த எல்லாருக்கும் காட்டி முடித்துவிட்டாள், போதகருக்கு மட்டும் இரண்டு தரம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும், எழுதினால் முழுக்கச் சொல்லிவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது பிள்ளைக்குப் புட்டிப்பால் கலக்கவேண்டும், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து வையுங்கள் அப்பா என்று போன மாதம் சொன்னாய். அதைக் குடித்து வளர்ந்தவளே அதற்குச் சர்டிபிகேட் கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பத்து நாள் உன் போனை எடுக்கவில்லை. அப்புறம் உன் வாயை அடைப்பதற்கென்றே ஒரு பாட்டில் தண்ணீரோடு கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டிய நைட்ரேட், அதாவது உரத்திலிருந்து கரைந்து இறங்கும் சத்து, தொண்ணூற்றெட்டு இருக்கிறது என்று பரிசோதனை செய்த இந்துஜா என்ற பெண் சொன்னாள். நான் உரக்கடை வாசலை மிதித்து எட்டு வருஷமாகிறது, இது பக்கத்துத் தோட்டத்துக் காளிராஜ் போடும் யூரியாதான் என்று தீர்மானித்து, நேரே போய் அவனைச் சத்தம் போட்டேன். அவன் நிதானமாக, அண்ணாச்சி, நான் ரெண்டு வருசமா மானாவாரி உளுந்துல்லா போடுதேன், உளுந்துக்கு எவன் யூரியா அள்ளிக் கொட்டுவான் என்றான். கோபத்தில் எனக்கு அதுகூட நினைவில்லை.

மறுநாள் திரும்பப் போய் இந்துஜாவிடம் உள்ளதைச் சொன்னேன். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்களே, அந்த வருஷமே பலன் பார்க்கும் ஆசையில் வெங்காயம் நடுவதற்கு முன்னால் கிணற்றடித் தோட்டத்தில் நாலு நாள் ராத்திரி ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டேன், அது போதாதென்று இரண்டு லோடு கோழி எருவும் இறக்கினேன். கரிசல் மண் அப்போது கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. மோட்டாரைப் போட்டு வெடிப்பெல்லாம் நிறையப் பாய்ச்சினேன், நட்ட பிறகும் ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர். வெங்காய வேர் ஒரு சாண்கூட இறங்காதாம், கரைந்த சத்தில் அது எடுத்தது கொஞ்சம்தானாம், மிச்சத்தை நான் விட்ட தண்ணீரே கீழே கொண்டுபோய்க் கிணற்றில் சேர்த்துவிட்டதாம். எருவுல தப்பில்ல ஐயா, அளவுலயும் தண்ணியிலயும்தான் தப்பு என்றாள். கொதிக்கவைத்தால் சரியாகுமா என்று கேட்டேன். தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் கூடத்தான் செய்யும், கைக்குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து என்றாள். நினைத்துப் பார் ஷைலா. நீ கேட்காமல் இருந்திருந்தால் கொதிக்கவைத்து ஆறவைத்து நானே பெருமையாகப் புட்டியில் ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

மகட்ட வீம்பு, காளிராஜ்ட்ட வம்பு, இப்ப எங்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப் போடுதீங்களாக்கும் என்று உன் அம்மா ரத்தினம் ஒரு பிடி பிடித்தாள். காளிராஜ் வீட்டாரும் நம் கிணற்றில்தான் குடிக்க எடுக்கிறார்கள், அதனால் போய் மன்னிப்பும் கேட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கிணறு இருப்பவனுக்குக் குழாய் எதற்கு என்று நான் திருப்பி அனுப்பிய பஞ்சாயத்துக் குழாயை இப்போது கெஞ்சி வாங்கியிருக்கிறேன், அந்தத் தண்ணீரையும் பரிசோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது, தாளை இதோடு வைத்திருக்கிறேன். இனி எரு பாதிதான், கோழி எருவை மக்கவைத்துத்தான் போடுவேன், தண்ணீரும் அளவாக. மண்ணில் தங்கிய மிச்சத்தை எடுக்கட்டும் என்று மக்காச்சோளம் விதைத்திருக்கிறேன், அதன் வேர் ஆழம் போகும். கிணறு தெளிய சில வருஷம் ஆகலாமாம், பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

டிக்கெட்டை மட்டும் மாற்றிவிடாதே அம்மா. உன்னையும் மருமகனையும் பிள்ளையையும் கர்த்தர் காத்துக் கொண்டுவந்து சேர்ப்பாராக. ஒன்று மறக்காமல் ஞாபகம் வைத்துக்கொள், பிள்ளையைக் குளிப்பாட்டக் கிணற்றுத் தண்ணீர் ஆகுமா என்று இந்துஜாவிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன், ஆகும் என்றாள், வாயில் படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அதையாவது என் கிணற்றுக்கு விட்டுக்கொடு.

உன் அன்பு அப்பா,
ஜேசுதாசன்